சால்மன் பெட்டியில், சூரை தலையில்

திருவனந்தபுரத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் புகைமீன் சாண்ட்விச் செய்ய நார்வே வரை போக வேண்டியதில்லை. ஏழெட்டு கிலோமீட்டரில் கடல் இருக்கிறது. கடக்கச் சிரமமான தூரம் அந்த ஏழெட்டு கிலோமீட்டர்தான்.

காலை பதினொரு மணியைத் தாண்டினால் திருவனந்தபுரத்தின் பல வீடுகளில் ஒரே கேள்விதான்: மீன் வந்ததா? கவடியாரிலும் சாஸ்தமங்கலத்திலும் கேட்டுக்கு வெளியே, "சேச்சீ, சூர வேணோ?" என்று ஒரு குரல் எழும். தலையில் அலுமினியப் பாத்திரம், அதன் மேல் ஒரு பலகை, இடுப்பில் சுருக்குப் பை. விடிவதற்கு முன் கடற்கரையில் ஏலம் எடுத்த மீனைச் சுமந்து, நகரத்தின் ஒவ்வொரு சந்தாக ஏறி இறங்கி வரும் பெண்ணின் குரல் அது. அவர் வந்த பிறகுதான் அந்த வீட்டின் மதிய உணவு முடிவாகும்.

அதே நகரத்தில் இன்னொரு மீன் கூவல் எதுவுமின்றி வந்து சேர்கிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் உறைபெட்டிகளில், காற்று நீக்கிய பிளாஸ்டிக் உறைக்குள், காகிதம் போல மெல்லியதாகச் சீவிய ஆரஞ்சு நிறத் துண்டுகள். புகையூட்டிய சால்மன். நூறு கிராம் பாக்கெட்டுக்குப் பல நூறு ரூபாய். கழக்கூட்டத்தில் 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்கும், வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பிய குடும்பங்களும் இந்த நகரத்தின் டிபன் பாக்ஸை மாற்றிவிட்டன. சோறும் மீன்குழம்பும் இருந்த இடத்தில் சில நாட்கள் சாண்ட்விச் இருக்கிறது. பழுப்பு பிரெட், வெண்ணெய், எலுமிச்சைச் சாறு, நடுவில் இரண்டு துண்டு சால்மன். பத்து நிமிட வேலை.

ஆனால் அந்த இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், கடலோர நகரம் ஒன்று தன் சொந்த மீனை எப்படி நடத்துகிறது என்ற கதை அதிலிருந்து பிரிந்து வருகிறது.

குளிர்நாட்டுப் புகை

சால்மன் அரபிக் கடலில் நீந்தும் மீன் அல்ல. இந்தியச் சந்தைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படுவது, தமிழ்நாட்டுக் கடற்கரை 'காலா' என்றும் மும்பை 'ராவஸ்' என்றும் அழைக்கும் மீன். நல்ல ருசியான மீன்தான், ஆனால் சால்மனுக்குச் சொந்தக்கார மீன் இல்லை. ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர் நினைவில் சூட்டிய பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையான அட்லாண்டிக் சால்மன் இன்று பெரும்பாலும் பண்ணையில் வளர்கிறது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நார்வேயின் மலையிடுக்குக் கடல்களில் வலைக்கூண்டுகளில் இந்த வளர்ப்பு ஆரம்பமானது. அந்த ஆரஞ்சு நிறமும் தானாக வருவதல்ல. காட்டு சால்மனுக்கு அது கூனிப்பொடி போன்ற சிற்றுயிர்களைத் தின்பதால் கிடைக்கிறது. பண்ணை சால்மனுக்குத் தீவனத்தில் நிறமி கலந்து கொடுக்கிறார்கள்.

அதைப் புகையூட்டும் முறை அந்த நாட்டின் குளிரை நம்பியது. மீனை நீளவாக்கில் பிளந்து உப்புப் போட்டு நீரை வடிப்பார்கள். பிறகு காற்றாட உலர்த்துவார்கள். மேற்பரப்பு லேசாகப் பிசுபிசுக்கும்போது மரத்தூளின் குளிர்ந்த புகையில் பல மணி நேரம் தொங்கவிடுவார்கள். புகைக் கூண்டின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மீன் வேகத் தொடங்கிவிடும். அதாவது, சீவிய சால்மன் துண்டு வெந்த மீனே அல்ல. உப்பும் புகையும் ஏறிய பச்சை மீன். அதனால்தான் பண்ணையிலிருந்து தட்டு வரை அதன் குளிர் ஒரு கணமும் அறுபடக் கூடாது.

திருவனந்தபுரத்தில் ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் மதிய வெயிலே 30 டிகிரியைத் தாண்டும். இங்கே வீட்டில் குளிர்புகை போடுவது நடவாத காரியம் மட்டுமல்ல, ஆபத்தான காரியமும்கூட. வேகாத மீன் மிதமான சூட்டில் பல மணி நேரம் கிடந்தால், கிருமிகளுக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. ஆக, சால்மன் சாண்ட்விச்சில் நாம் காசு கொடுத்து வாங்குவது மீனை மட்டுமல்ல. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அறுபடாமல் வந்த குளிரையும் சேர்த்துத்தான்.

நார்வே முன்பே வந்திருக்கிறது

நார்வேக்கும் இந்தக் கடற்கரைக்கும் உள்ள உறவு சால்மன் பாக்கெட்டோடு ஆரம்பிக்கவில்லை. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டு, திருவனந்தபுரத்துக்கு வடக்கே கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்தோ-நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கியது. எஞ்சின் பொருத்திய படகு, ஐஸ் தொழிற்சாலை, குளிர் காக்கும் வண்டிகள், ஆஸ்பத்திரி, குடிநீர் எல்லாம் திட்டத்தில் அடக்கம். மீனவர் வருமானம் உயர வேண்டும், உள்நாட்டு மக்களுக்கு நல்ல மீன் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம்.

நடந்தது வேறு. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை இருப்பது தெரிந்ததும் எஞ்சின் படகுகள் இறாலைத் தேடி அடித்தளத்தை வாரும் இழுவலைக்கு மாறின. ஐஸும் குளிர்சாதனமும் அமெரிக்க, ஜப்பானிய மேசைக்குப் போகும் இறாலைத் தொடர்ந்தன. உள்ளூர்த் தட்டுக்குப் போக வேண்டிய சாளையும் அயிலையும் கூடையிலேயே நின்றுவிட்டன. 1963-ல் திட்டத்தின் தலைமையிடம் எர்ணாகுளத்துக்கு மாறியது. 1972-ல் நார்வேயின் பங்கு முடிந்தது. இழுவலைப் படகுகளுக்கும் சிறுபடகு மீனவர்களுக்கும் இடையே மூண்ட சண்டை 1980-களில் தெருவுக்கு வந்து, 1988 முதல் மழைக்கால இழுவலைத் தடையில் முடிந்தது.

திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை இந்த மாற்றத்தில் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றது. அலை உயர்ந்து உடையும் கரை. பெரிய படகு ஒதுங்க இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. அலையைக் கிழித்துக்கொண்டு போகக் கட்டுமரம்தான் ஏற்ற கலம். உலகத்துக்கே ஆங்கிலம் வழியாகப் போன அந்தத் தமிழ்ச் சொல் இங்கே வெறும் சொல்லாக இருக்கவில்லை, பிழைப்பாக இருந்தது. 1980-களில் பிளைவுட் படகுகளும், பின்னால் மாட்டும் மோட்டாரும் வந்தன. ஆனாலும் தூண்டிலும் செவுள்வலையும் போகவில்லை. விழிஞத்துப் படகுகள் இன்றும் தூண்டில் போட்டுச் சூரை பிடிக்கின்றன.

மரம்போல ஒரு மீன்

சூரை என்ற பெயரை இங்கே தமிழர்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரியும் இந்தக் கடற்கரையும் ஒரே ராஜ்யம். மாநிலம் பிரிந்தது, மீன்களின் பெயர் பிரியவில்லை. வட கேரளம் மத்தி என்று சொல்வதைத் திருவனந்தபுரமும் குமரியும் சாளை என்கின்றன. சூரை இரண்டு பக்கமும் சூரைதான்.

இந்த மீனுக்குப் புகை புதிதல்ல. திருவனந்தபுரத்துக்கு மேற்கே சுமார் 400 கி.மீ. தொலைவில், லட்சத்தீவுகளின் தென்கோடியில் இருக்கிறது மினிக்காய். அங்கே வரிச்சூரையைக் கழியும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். நீளத் துண்டுகளாக வெட்டி, உப்புநீரில் வேகவைத்து, புகையில் காட்டி, வெயிலில் பல நாள் உலர்த்துகிறார்கள். கடைசியில் அது மரக்கட்டை போல ஆகிவிடும். கத்தி இறங்காது, உடைத்து இடிக்க வேண்டும். அதுதான் மாசி. தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் அறிமுகம் தேவையில்லாத பொருள். சம்பலில் ஒரு சிட்டிகை மாசித் தூள் விழுந்தால் போதும், குழம்பு வேண்டாம்.

பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் நீதிபதியாக இருந்த பயணி இப்னு பதூதா இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். மீனை வெட்டி, வேகவைத்து, ஓலைக் கூடைகளில் போட்டுப் புகையூட்டி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புகிறார்கள் என்பது அவர் தரும் தகவல். ஐஸும் மின்சாரமும் இல்லாத காலத்தில் வெயில் நாடு கண்டுபிடித்த விடை அது: குளிரை நம்ப முடியாத இடத்தில் வேகவைத்துவிடு, பிறகு புகை போடு. புகைமீன் என்றாலே ஐரோப்பியச் சமாசாரம் என்று நினைப்பது தவறு. நம் பக்கத்துக் கடலிலும் அதற்குக் குறைந்தது அறுநூறு வருட வயது இருக்கிறது.

ஏழெட்டு கிலோமீட்டர்

அப்படியானால் உள்ளூர்ச் சூரையில் ஏன் சாண்ட்விச் செய்யக் கூடாது? செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை. சூரை அன்று பிடித்ததாக இருக்க வேண்டும், பிடித்ததிலிருந்து ஐஸில் இருந்திருக்க வேண்டும்.

இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. சூரை, அயிலை வகை மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலி வந்து, உடம்பு தடிக்கும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது, புகை போட்டாலும் போகாது. தடுக்க ஒரே வழி, ஆரம்பத்திலிருந்தே குளிர்.

இங்கேதான் இரண்டு மீன்களின் தலையெழுத்தும் பிரிகிறது. சால்மனுக்கு வழி நெடுகக் குளிர். சங்குமுகத்தில் விமான நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு சாலைதான், அதையும் கடல் பலமுறை அரித்துத் தின்றிருக்கிறது. ஒரு பக்கம் சரக்கு விமானங்கள், மறு பக்கம் மணலில் மீன் ஏலம். ஏலம் எடுத்த பெண் தன் மீனுக்கு ஐஸ் வாங்க வேண்டும், பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குள் வந்து சேர வேண்டும். ஐஸ் உருகுவதற்குள் விற்க வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருடைய விலையில் கழியும்.

வந்து சேர்வதே ஒரு போராட்டமாக இருந்திருக்கிறது. வாடை அடிக்கும் என்று பஸ்களில் மீன்காரப் பெண்களை ஏற்ற மறுத்த காலம் உண்டு. திருவனந்தபுரம் கடற்கரைப் பெண்கள் ஒன்றுசேர்ந்து போராடியதன் பலனாக 1980-களில் அவர்களுக்கென்று தனி பஸ்கள் விடப்பட்டன. மறுபடியும் 2021 ஆகஸ்டில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் பழைய தாழ்தளப் பேருந்துகளை மாற்றியமைத்து, 'சமுத்ரா' என்ற பெயரில் மீன் விற்கும் பெண்களுக்கு இலவச சேவை தொடங்கியது. நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒரே கோரிக்கைக்கு இரண்டு முறை தீர்வு காண வேண்டியிருந்தது என்பதே, பிரச்சினை எவ்வளவு ஆழமானது என்பதைச் சொல்கிறது.

எல்லைக்கு இந்தப் பக்கமும் நிலைமை வேறல்ல. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண் ஒருவர் வாடை வருகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். பஸ் நிலையத்தில் அவர் நியாயம் கேட்டுக் குமுறிய காட்சி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஊழியர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். ஹோட்டல் மேசையில் புகைமீன் வாசனைக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதே கடலின் வாசனை பஸ்ஸில் குற்றமாகிவிடுகிறது.

கடலும் பழைய கடலாக இல்லை. 2012-ல் கேரளக் கரைகளில் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை வந்து இறங்கியது. 2021-ல் அது 3,500 டன்னைக்கூடத் தொடவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் பூந்துறையிலும் விழிஞத்திலும் பல வீடுகளின் ஆண்களைத் திரும்பி வரவிடாமல் செய்தது. விழிஞத்தில் பெரிய துறைமுகம் எழுந்தபோது, கரை அரிக்கிறது என்று 2022-ல் மீனவர்கள் நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள். 2025 மே 2-ல் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாதம் விழிஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. திருவனந்தபுரம் மணலில் பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்கின. மீன் சாப்பிடலாமா என்ற பயம் நகரத்தைப் பிடித்தது. அந்தப் பயத்தின் முதல் நஷ்டம் தலைச்சுமைப் பாத்திரத்தில்தான் விழுந்தது.

சாண்ட்விச்

சரி, மீன் வந்துவிட்டது. பாத்திரத்தில் ஐஸ் இருக்கிறது, சூரையின் கண் தெளிவாக இருக்கிறது, விரலால் அழுத்தினால் சதை குழியாமல் எழுகிறது. பேரம் முடிந்தது. வெட்டித் தரும்போது, நடுமுள்ளை ஒட்டி ஓடும் கறுஞ்சிவப்புச் சதையைத் தனியாக எடுக்கச் சொல்வது நல்லது. வாடை அதில்தான் அதிகம். குடம்புளி போட்ட குழம்புக்கு அது போதும்.

மிச்சமுள்ள அரைக் கிலோ வெளிர் சதையை இரண்டு விரல் கனத்துக்கு நறுக்கி, இரண்டு ஸ்பூன் கல்லுப்பு, ஒரு ஸ்பூன் பனைவெல்லத் தூள், நுணுக்கிய மிளகு தடவி ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைக்க வேண்டும். உப்பு நீரை இழுக்கும், வெல்லம் உப்பின் கடுமையைத் தணிக்கும். பிறகு கழுவித் துடைத்து, மூடாமல் இன்னொரு மணி நேரம் பிரிட்ஜிலேயே விட்டால் மேலே ஒரு பசைப்படலம் வரும். புகை பிடிப்பது அந்தப் படலத்தில்தான். ஈர மீனில் புகை தங்காது, கசப்புதான் தங்கும்.

பழைய இரும்புச் சட்டியின் அடியில் அலுமினியத் தாள், அதன் மேல் பிய்த்த தேங்காய் மட்டை ஒரு பிடி, பச்சரிசி ஒரு ஸ்பூன். மேலே ஒரு கம்பித் தட்டு, அதில் எண்ணெய் தடவிய மீன். இறுக்கமான மூடி. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால் சில நிமிடங்களில் புகை கிளம்பும். தீயைக் குறைத்து இருபது, இருபத்தைந்து நிமிடம். அணைத்த பிறகும் பத்து நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது. திறக்கும்போது மீன் தேன் நிறத்தில் இருக்கும், தொட்டால் இதழ் இதழாகப் பிரியும். நடுவிலும் வெந்திருக்கிறதா என்று பிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஆறிய மீனை உதிர்த்து, துணியில் வடிகட்டிய கெட்டித் தயிர், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்தால் பூரணம் தயார். பிரெட்டின் உள்பக்கம் முழுக்க வெண்ணெய் தடவுவது ருசிக்காக மட்டுமல்ல, ஈரம் பிரெட்டில் இறங்காமல் தடுக்கவும்தான். வெள்ளரித் துண்டுகள், மேலே இன்னொரு பிரெட். அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். இது மாசி அல்ல, நாளைக்கு நிற்காது.

சால்மனின் பட்டுப்போன்ற வழுவழுப்பு இதில் இருக்காது. பதிலுக்குத் தேங்காய் மட்டைப் புகையின் மணமும், மென்று சாப்பிடத் தகுந்த சதையும் இருக்கும். செலவு சால்மன் சாண்ட்விச்சில் ஒரு சிறு பங்கு.

பிரெட்டும் புகைமீனும் கேரள உணவா என்று யாராவது கேட்டால், அவர்கள் தட்டில் இருக்கும் மரச்சீனியைக் காட்டலாம். தென் அமெரிக்கக் கிழங்கு அது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்கு ஈடுகொடுக்கும் என்று அதைப் பயிரிட ஊக்கம் தந்தார். இன்றைக்கு மரச்சீனியும் சாளைக் குழம்பும் இல்லாத திருவனந்தபுரத்தை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். வெளியிலிருந்து வந்த கிழங்கு உள்ளூர் உணவானதற்குக் காரணம், அதன் பக்கத்தில் உள்ளூர் மீன் இருந்ததுதான். பிரெட்டுக்கும் அந்த வாய்ப்பு உண்டு.

அதற்குச் சமையலறையில் பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. கடற்கரையில் நியாய விலைக்கு ஐஸ், நேரத்துக்கு ஒரு பஸ், ஏறும்போது மூக்கைப் பொத்தாத சக பயணிகள். இவ்வளவும் இருந்தால் பதினொரு மணிக்கு கேட்டுக்கு வெளியே எழும் குரல் நாளைக்கும் எழும். சாண்ட்விச்சும் பன்னிரண்டரைக்குத் தயாராகிவிடும்.